தொண்ணூறு மணி நேரம்

ஞாயிறு மாலை ஆறு பத்துக்கு உள்ளே.
வியாழன் காலை பதினொன்று நாற்பதுக்கு வெளியே.
எண்பத்தொன்பதரை மணி. அவர்கள் கணக்கில் தொண்ணூறு.
ஆடிட்டர் ஆபீசில் இருபத்தாறு வருஷமாகச்
சிவப்புப் பேனாவால் டிக் அடிப்பவள் நான்,
பெருக்கலில் தப்புப் பிடிக்க முடியவில்லை.

மணிக்கு இருபது வீதம் ஆயிரத்து எண்ணூறு.
இரவொன்றுக்கு ஐநூறு, நாலு இரவு.
டோக்கன் தொலைத்ததற்கு முந்நூறு.
(தொலையவில்லை. கூழாகி
பர்ஸின் உள்பையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது,
வேளச்சேரித் தண்ணீரின் நிறத்தில்.)

விட்டுப்போனது ஒன்றுதான்:
அந்தத் தொண்ணூறில் எழுபது மணி நேரம்
இரண்டாம் பேஸ்மென்ட்டில்
என் ஸ்கூட்டருக்கு மேலே ஒன்பது அடித் தண்ணீர்.

மூன்றாவது மாடிப் பல் டாக்டர்
கடைவாய்க்கு ஊசி போட்டு அனுப்பியிருந்தார்.
இறங்கி வந்தால், சரிவுப் பாதையில்
வரிசையில் நிற்காமல், டோக்கன் வாங்காமல்
உள்ளே போய்க்கொண்டிருந்தது மழை.
"கீழ போகாதீங்க மேடம், கரண்டு இருக்கும்"
என்று குறுக்கே கயிறு கட்டினார் வாட்ச்மேன்.
பதில் சொல்ல எனக்குப் பாதி வாய்தான் இருந்தது.
விஜயநகர் வரை முழங்கால் தண்ணீரில்
மரத்த கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

போனில் வருகிறவருக்குத்
திங்களன்று பெயர் விக்னேஷ்.
புதனன்று லீகல் டிபார்ட்மென்ட்.
வெள்ளியன்று அட்வகேட் சந்தானராஜ்.
மூவருக்கும் ஒரே இருமல்,
பின்னால் ஒரே மின்விசிறி, கட்டக் கட்டக்கென்று.
நாலாயிரத்து நூறு ஒன்பதாயிரத்து எழுநூறாயிடுச்சு, மேடம்.
வீட்டுக்கு ஆள் வரும், மேடம்.
உங்க ஆடிட்டர் நம்பர் இருக்கு, மேடம்.
சம்பந்தி வீட்டுக்குக்கூடப் போனார்கள், போனில்தான்.
"என்னம்மா, கடனா?" என்று அந்த அம்மா கேட்டது
ஏதோ வியாதியைக் கேட்பது மாதிரி இருந்தது.

கட்டித் தொலை, போனால் போகிறது என்றார்கள் ஆபீசில்.
போகட்டும்.
எந்தத் தலைப்பில் எழுதுவது?

வாட்ச்மேனைத் தேடிப் போனேன்.
மரியசூசை. இப்போது மேடவாக்கத்தில்
ஒரு ஏடிஎம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.
வெள்ளத்தில் போன விசிலுக்கும் தொப்பிக்கும்
கடைசிச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்களாம்.
நோட்டை மட்டும் அவர் திருப்பிக் கொடுக்கவில்லை.
"6.40. வண்டி எடுக்க யாரையும் விடக் கூடாது.
மேனேஜர் சார் போன்."
கையெழுத்துக் கேட்டேன்.
பேனாவை இரண்டு தரம் உதறிவிட்டுப் போட்டார்.
ஜெராக்ஸ் மூன்று. பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு.

கூடவே என் பில்லும்:
என் வண்டியின் பெட்ரோல் டேங்க், சைலன்ஸர்,
சீட்டுக்கு அடியிலுள்ள பெட்டி ஆகியவற்றில்
தங்கள் கட்டடத்துத் தண்ணீர்
அனுமதியின்றி நிறுத்தப்பட்டிருந்த வகையில்
எழுபது மணி, மணிக்கு இருபது.
மூன்று இரவு, இரவொன்றுக்கு ஐநூறு.
பெட்டிக்குள் ரெயின்கோட் நனைந்த வகையில், தனி.

பதினோராவது அழைப்பில் அதை வாசித்துக் காட்டினேன்,
ஜிஎஸ்டி வரை.
மின்விசிறி மட்டும் கேட்டது.
பிறகு விக்னேஷோ சந்தானராஜோ
குரலைத் தாழ்த்தி,
"வண்டி ஸ்டார்ட் ஆச்சா மேடம்?"
ஆகலை.
"எனக்கும் ஆகலை. பள்ளிக்கரணை."
வைத்துவிட்டார்.

நேற்று புதுக் குரல். சின்னப் பெண்.
இருமல் இல்லை. மின்விசிறி அதேதான்.
எழுதிக் கொடுத்ததைத் திக்கித் திக்கிப் படித்தாள்:
இறுதி எச்சரிக்கை, சொத்து, ஜப்தி.
"லைன்லயே நில்லும்மா, ஃபைலை எடுத்துட்டு வரேன்"
என்றேன்.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.
நாலு இருபத்திரண்டு.
உள்ளே வந்த நேரம் என்று
குறித்துவைத்துக்கொண்டேன்.