நாற்பது கிராம்

இரணைமாதாநகர்க் கரையில்
நண்டு நிறுக்கிறவன் நான்.
தகரக் கொட்டில், ஐஸ் பெட்டி இரண்டு,
கணக்குக் கொப்பி,
கடற்காற்றுக்கு ஒருபோதும் அடங்காத
பற்றரித் தராசு.

தராசுத் தட்டில் ஈரத்துணி ஒன்று கிடக்கும்.
விடிய வந்து அதையும் சேர்த்துப்
பூச்சியம் அமத்துவேன்.
நண்டு வரும்போது துணியை எடுத்துத்
தட்டைத் துடைத்துவிட்டு நிறுப்பேன்,
மரியாதையாய்.
கூடைக்கு நாற்பது கிராம்.
ஒரு கோழி முட்டைக்கும் குறைவு.
"நண்டு குடிச்ச தண்ணிக்கு
ஆர் தம்பி காசு குடுக்கிறது?"
முதலாளி றெமிஜியஸ் காட்டித் தந்த நியாயம்.
எனக்கும் அது நியாயமாய்த்தான் பட்டது.
மூன்று வருசம் பட்டது.

பயம் என்றால் எனக்குத் தெரியும்.
பதினொரு வயது. உறுதிப்பூசுதலுக்கான வகுப்பு.
ஆவியின் கொடைகள் ஏழு என்று
செபஸ்தியாள் ரீச்சர் விரல் மடக்க
நாங்கள் கத்தினோம்:
ஞானம், புத்தி, விமரிசை, திடம்,
அறிவு, பத்தி
ஆறாவது விரலில் கிபிர் வந்தது.
வாங்குகளுக்குக் கீழே கிடந்தோம்
ஒருவர்மேல் ஒருவராய்.
ஆரோ ஒருத்தியின் பின்னல் என் வாய்க்குள்.
எழும்பியபோது கூரையில் பாதி இல்லை.
ஏழாவதை ஒருவரும் சொல்லவில்லை.

பிறகு எப்போதோ கொப்பியில் பார்த்தேன்:
தெய்வபயம்.
சிரித்திருப்பேன்.
பயத்தையுமா ஆண்டவரே கொடையாய்த் தருவீர்?
முழங்காவில் சந்தியில் வந்து கேட்டிருந்தால்
சாக்குச் சாக்காய் நாங்களே
கட்டித் தந்திருப்போமே.

அங்கிருந்து தருமபுரம், சுதந்திரபுரம், மாத்தளன்.
பங்கருக்குள் பயந்தேன், வெளியே வரவும் பயந்தேன்.
முகாமில் பெயர் கூப்பிட்டால் பயம்,
கூப்பிடாவிட்டால் அதைவிட.
ஒருநாள் அது முடிந்துபோயிற்று,
நிவாரண மாப் பைபோல.
உதறிப் பார்த்தேன், தூசிகூட இல்லை.
இனி ஒன்றுக்கும் பயமில்லை என்று
ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

போன வைகாசியில் எமிலிற்றா அக்கா வந்தாள்.
விடிய விடிய இடுப்பளவு தண்ணீரில் நின்ற கால்கள்
வெளிறிச் சுருங்கிக் கிடந்தன.
துணியை எடுத்தேன். துடைத்தேன்.
கூடையை வைத்தாள்.
மற்றவர்கள் இலக்கத்தை முறைத்துப் பார்ப்பார்கள்,
தூக்கித் திரும்ப வைப்பார்கள்,
என் தாயை இழுத்துப் பேசுவார்கள்.
இவள் தராசுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு
கடலைப் பார்த்துப் பாவாடையைப் பிழிந்தாள்.

"பாரன் அக்கா."
"நீ பாத்தாக் காணும்தானே."

அவ்வளவுதான்.
வானம் வெளுத்துத்தான் கிடந்தது.
கூடைக்குள் நண்டுகள் கரகரத்தன.
என் முழங்கால் இரண்டும்
ஆடத் தொடங்கின.
பிறந்த அன்று மகளைக் கொண்டுவந்து
என் கையில் வளர்த்தினபோது ஆடினதே,
அந்த ஆட்டம்.
ஐயோ, நழுவவிட்டுவிடுவேனோ.

வாய்க்குள் தேங்காயெண்ணெய் மணத்தது.
ஆறு விரல் மடங்கியபடி நின்றேன்.
பதினேழு வருசம் பிந்தி
அடுத்த விரல் தானாய் மடங்கிற்று.

அவள் பேருக்கு நேரே
நாற்பதைக் கூட்டி எழுதினேன்.
பிறகு முந்தின பக்கம். அதற்கு முந்தின பக்கம்.
மாரியில் நனைந்த தாள்கள்
ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.
உரித்தால் கிழிந்தன.
சில பெயர்களுக்கு இப்போது ஆள் இல்லை.
அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஐஸ் லொறியோடு றெமிஜியஸ் ஆறுக்கு வருவார்.
சொல்லவேண்டும்.
பின்னேரம் வேலை இருக்குமோ தெரியாது.

துணியைப் பிழிந்து கொடியில் போட்டேன்.
வெறும் தட்டில் பூச்சியம் அமத்தினேன்.
ஆனாலும் இலக்கம் நிற்கிறதாயில்லை.
காற்றுக்கு இரண்டு, மூன்று,
பூச்சியம், திரும்ப இரண்டு.
இரண்டு கையாலும் காற்றை மறித்து
குனிந்து
பார்த்துக்கொண்டே நிற்கிறேன்.