ஆயிரங்கால் தூண்டில்

தாயின் வயிற்றில் குறுக்கே கிடந்தவன்
என்றுதான் அவன் கோப்பு தொடங்குகிறது.
ஜனவரி. ஸ்கார்விக் துறைமுகத்தில் சூரியன் எழாத வாரம்.
மருத்துவச்சி எல்ட்பியோர்க் இரண்டு உள்ளங்கையாலும்
வெளியிலிருந்தே தள்ளித் தள்ளி
அவனை நெடுக்காகத் திருப்பினாள்.
ஐம்பத்தொரு சென்டிமீட்டர். எண் 117.

அந்த ஆண்டு அங்கே பிறந்த அத்தனை பேரையும்
ஏழு வருஷத்துக்கு ஒருமுறை அளப்பதென்று
தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் முடிவாகியிருந்தது.

ஏழில், பால்பற்கள் இரண்டைக் காணோம்.
பதினாலில், புகைப்பதில்லை என்று எழுதியிருக்கிறான்;
பக்கத்தில் செவிலியின் பென்சில்: சட்டைப்பை மணக்கிறது.
இருபத்தொன்றில் கைப்பிடி வலு, எல்லோரையும்விட அதிகம்.
இருபத்தெட்டில், ஒன்பது.
ஒன்பது என்றால்
வரவில்லை, காரணம் தெரியவில்லை.
அந்த ஒன்பதை இட்டவள் நான்.
வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம்.
என் ஒன்பதுக்கு அப்போது வால் நீளம்.

குறுக்கே வெட்டிப் பார்ப்பது சுலபம்.
ஒரே நாளில் ஊரை வரிசையில் நிறுத்தி
இத்தனை பேருக்குக் கொழுப்பு, இத்தனை பேருக்குத் தூக்கமில்லை
என்று சொல்லிவிட்டு மாலைக் கப்பலில் போய்விடலாம்.
நெடுக்கே பார்க்கக் காத்திருக்க வேண்டும்.
பணம் கொடுத்த அமைச்சகம் இருமுறை பெயர் மாறியது.
தராசு மாறியது.
தொடங்கிவைத்த பேராசிரியர் செத்துப்போனார்.
கேள்வி மட்டும் ஒரு சொல்கூட மாறக்கூடாது:
கடந்த ஓராண்டில் தனிமையாக உணர்ந்தீர்களா?

நாற்பத்திரண்டில் அவன் பேனா அங்கே நின்றது.
மசி ஊறி ஒரு புள்ளி பெருத்தது.
பிறகு, ஒருபோதும் இல்லை.
புள்ளிக்கு எங்களிடம் குறியீடு கிடையாது.

நாற்பத்தொன்பதில் கழுத்தில் குளிர்ந்த களிம்பு.
கருவியைக் குறுக்கே வைத்தபோது
நாளம் ஒரு கண், விரிந்து விரிந்து சுருங்கியது.
நெடுக்கே திருப்பினேன். கண் சாலையானது.
சாலையோரம் ஒதுக்கிய பனிபோல
வெள்ளையாய்க் கொஞ்சம் சுண்ணப் படிவு.
முன்னும் பின்னும் இடித்துக்கொண்டே உள்ளே போய்
நெட்டலை திரும்பிவந்து சொன்ன சேதி அது.
ஒலிபெருக்கியில் இரைச்சல்.
"கடல் என்ன சொல்கிறது?" என்றான் ஹால்கெய்ர்.
"வெண்ணெயைக் குறை என்கிறது."

நேற்று ஐம்பத்தாறு.
ரத்தம் தரமாட்டேன் என்றான். உயரம் மட்டும்.
இரண்டு சென்டிமீட்டர் குறைந்திருந்தது.
"எங்கே போயிருக்கும்?"
முதுகெலும்புகளின் இடுக்கில் என்றேன்.
நம்பாதவனாய் ஒருமுறை நிமிர்ந்துகொண்டான்.
நகங்களில் நெடுக வரி ஓடத் தொடங்கியிருந்தது;
குறித்துக்கொண்டேன்.
தன் கோட்டைப் பார்க்க வேண்டுமாம்.
காட்டக்கூடாது.
காட்டினேன்.

திரையில் முந்நூற்றுச் சொச்சம் சாம்பல் கோடுகள்,
நடுவே கறுப்பாய் ஒன்று.
வெகுநேரம் பார்த்தான்.
"இது எங்கள் ஆயிரங்கால் தூண்டில்தான்.
ஒரே கயிறு, சாண் சாணாய் அளந்து கொக்கி.
நீங்கள் அம்பத்தாறு வருஷத்துக்கு
ஒன்பதே கொக்கி போட்டிருக்கிறீர்கள்.
அதிலும் ஒன்று வெறுங்கொக்கி."

விரலை இருபத்தெட்டின்மேல் வைத்தான்.
உப்பில் வெடித்த விரல்.
"அன்றைக்கு வந்தேன். படிக்கட்டு வரைக்கும்.
கண்ணாடி வழியே பார்த்தால், நீ
நாக்கு நுனியைக் கடித்தபடி
யாருடைய எடையையோ எழுதிக்கொண்டிருந்தாய்.
சட்டையைக் கழற்றச் சொல்வாய் என்று தெரியும்.
திரும்பிப் போய்விட்டேன்."

ஏன் என்றேன்.
ஆய்வில் கேட்கும் குரலில்தான் கேட்டேன்.

"மீன் நாற்றம்," என்று தொப்பியை எடுத்துக்கொண்டான்.

பழைய கட்டத்தைத் திருத்த விதியில்லை.
காரணம் தெரியவில்லை என்பது அப்படியே இருக்கும்.
அடுத்தது அறுபத்துமூன்றில்;
அட்டையில் தேதி எழுதித் தந்தாயிற்று.
ஜன்னலுக்கு வெளியே
அவன் இன்னும் படிக்கட்டில் நின்று
கையுறையைத் தேடிக்கொண்டிருந்தான்,
இந்தப் பையில், பிறகு அந்தப் பையில்,
பிறகு மறுபடி இந்தப் பையில்.