நூற்றுப் பதினேழு

கௌனாஸில் பனி கொட்டுகிறது என்று
வாசல் கேமரா காட்டுகிறது.
இந்த அறையில் சன்னல் இல்லை.
விசிறிகளின் இரைச்சலுக்குள்
டோவிலே முகவரிகளைப் பங்கிடுகிறாள்,
நான் கேபிள்களுக்குச் சீட்டு ஒட்டுகிறேன்.

எங்களுக்கென்று இருப்பது ஒரே தொகுதி,
இருநூற்று ஐம்பத்தாறு எண்கள்.
முதல் எண் தொகுதியின் பெயருக்கே போய்விடும்.
கடைசி எண், எல்லோரையும் ஒரே மூச்சில் கூப்பிட.
ஒன்று நுழைவாயிலுக்கு.
மிச்சத்துக்குப் பந்தியில் போல
நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறது கூட்டம்,
சாப்பிடுகிறவன் எப்போது எழுவான் என்று.
புதிய நீள எண்கள் வந்துவிட்டன,
மணல்போலக் கிடக்கின்றன, அள்ளிக்கொள்ளுங்கள் என்றால்
யாருக்கும் வேண்டாம்.

முகவரி என்கிறோம்.
முகம் கிடையாது அதற்கு,
வரி மட்டும் மாதாமாதம்.

நூற்றுப் பதினேழில் இருந்தவர் விகிந்தாஸ்.
வரேனா காட்டோரம், தேன் வியாபாரம்.
பதினொரு மாதப் பாக்கி, மூன்று கடிதம்,
பிறகு அழித்தோம்.
உடனே அடுத்தவருக்குக் கொடுத்துவிட முடியாது,
நாற்பத்தைந்து நாள் ஆறப்போட வேண்டும்.
சில எண்களுக்குக் கெட்ட பெயர் ஒட்டியிருக்கும்:
முன்பிருந்தவர் குப்பை அஞ்சல் அனுப்பியிருப்பார்,
பின்வந்தவரின் கல்யாண அழைப்பைக்கூட
உலகம் கதவடைத்துத் திருப்பும்.
பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.
நூற்றுப் பதினேழு சுத்தம்.
பிங் அடித்தாள், பதில் இல்லை.

யார் பதில் சொல்கிறார்கள் என்றுதான் பார்ப்போம்.
யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்ப்பதில்லை.

டிசம்பரில் அதை இல்மார்ஸுக்குக் கொடுத்தோம்,
ரீகாவில் தூண்டில் விற்கிறவர்.
ஜனவரியில் அவரிடமிருந்து புகார்,
முழுக்கப் பெரிய எழுத்துகளில்:
தினமும் அதிகாலை மூன்று பத்துக்கு
யாரோ என் கதவைத் தட்டுகிறார்கள்.
தாக்குதல். தடுங்கள்.

டோவிலே பொட்டலத்தைப் பிரித்தாள்.
பதில் எதிர்பார்க்காத வகை,
வீசிவிட்டுப் போவது.
உள்ளே ஒரே வரி:
பெட்டி நான்கு. எடை 38.2. வெளியே மைனஸ் ஒன்பது.

தேன்பெட்டிக்கு அடியில் ஒரு தராசு.
பெயரை நம்பாமல் எண்ணையே
அதற்குள் எழுதிவைத்திருக்கிறார் மனுஷர்.

தொலைபேசியில் சிரித்தார் விகிந்தாஸ்.
அதுவா, இன்னும் ஓடுகிறதா?
நான் கையால் தூக்கிப் பார்த்துக்கொள்கிறேன்.
பனியில் போய் யார் அணைப்பது?
பேட்டரி தீர்ந்தால் தானாக நிற்கும்.

பேட்டரி நல்ல பேட்டரி.

நுழைவாயிலில் ஒரு விதி போட்டாள்:
அந்தப் பொட்டலம் ரீகாவுக்குப் போகாது,
கீழே விழும்,
விழும்போது பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு விழும்.
அந்தக் கடைசிப் பகுதியை
யாரும் கேட்கவில்லை.
புகாரை மூடினாள். காரணம்: தேனீ.
மேலாளர் அதை எழுத்துப்பிழை என்று திருத்தினார்.

38.1.
37.9.
இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை,
அவள் காப்பியைக் குடிக்காமல் வைத்திருந்தாள்.
37.7.
தங்கள் தேனைத் தாங்களே தின்று
உயிரோடிருக்கிறவர்களின் கணக்கு.

மார்ச்சில் இன்னும் இரண்டு வாடிக்கையாளர்கள்
ஆளுக்கு எட்டு எண் கேட்டார்கள்.
இல்லை என்று எழுதினோம்.
எதற்கு எட்டு என்று எழுதி
அதை அழித்தோம்.

ஏப்ரலில் ஒரு காலை 28.6.
மறுநாளும் 28.6.
அதற்கு அடுத்த நாள்
டோவிலே நாற்காலியைத் திருப்பி
என்னைக் கைகாட்டி அழைத்தாள்.
28.7.

எங்கோ ஏதோ பூத்திருக்க வேண்டும்.
எங்களுக்கு எப்படித் தெரியும்,
இந்த அறையில்