கிளித்தீன்

திருவெம்பாவைக்குச் சங்கூதிப் போன ஒரு விடியலில்
கூடு திறந்து கிடந்தது.
கொக்கி போடாதது நான்தான்.
குடையோடு உவர்மலை முழுக்க நடந்தேன்,
ஒரு பச்சையைத் தேடி.
அடித்த மழைக்கு
எல்லாமே பச்சையாக இருந்தது.

மிஞ்சியது அரைக் கிலோ சூரியகாந்தி விதை,
பிஸ்கட் பேணி நிறைய,
கறுப்பில் வெள்ளைக் கோடு போட்ட சட்டையோடு
சம்பள நாளுக்குக் காத்திருக்கும் கிளாக்கர்மார் மாதிரி.
எறிய மனம் வரவில்லை.
வறுத்துத் தின்னவும்.

"இப்ப நட்டா அழுகிப்போகும்,
மண் இன்னும் தண்ணியாக் கெடக்கு" என்றாள் கீழ்வீட்டு ரம்சியா.
"அழுகாட்டியும் மான் விடாது."
இந்த ஊரில் மான்கள்
பஸ் ஸ்டாண்டுக்கும் வரும், வாழைப்பழத் தோலுக்கு வரிசையில் நிற்கும்.
அவள் சொன்னது சரி.

ஆகவே வீட்டுக்குள்ளே.
பதினொரு யோகட் கோப்பை.
மெழுகுதிரியில் காய்ச்சிய ஊசியால்
அடியில் மும்மூன்று துளை.
கூர்முனை கீழே, ஒரு விரற்கணு ஆழம்.
ஃபிரிட்ஜின் தலைமேல் வைத்தேன்:
உள்ளே குளிரைக் காக்க
அது வெளியே விடுகிற மூச்சு
விதைக்குப் போதுமான சூடு.

ஐந்து நாள் ஒன்றுமில்லை.
ஆறாம் நாள் துறைமுகக் கந்தோரில் இருந்து
நனைந்து வந்து பார்க்க
ஒரு வளைந்த கழுத்து.
அடுத்த நாள் நான்கு.
தலையில் கோதைத் தொப்பியாய் மாட்டிக்கொண்டு
கழற்றத் தெரியாமல் நின்றன.
பொறுமையில்லாத நான் ஒன்றைப் பிடித்து இழுத்தேன்.
தொப்பியோடு அரை இலையும் வந்தது.
மற்றவற்றுக்கு
ஈரப் பஞ்சால் ஒற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன்.

யன்னலுக்கு மாற்றினேன். வெயில்தான் இல்லை.
கடலும் வானமும் ஒரே சாம்பல்,
நடுவில் நங்கூரமிட்ட கப்பலொன்றின் விளக்கு.
வெளிச்சத்துக்கு எட்டி எட்டி
நூலாக நீண்டன.
காலையில் கோப்பைகளைத் திருப்பி வைத்துவிட்டு வேலைக்குப் போவேன்.
பின்னேரம் வந்தால்
பதினொன்றும் எனக்கு முதுகு காட்டி நிற்கும்.

அதுவும் இப்படித்தான்.
நாலு வருசம்
கூட்டை எந்தப் பக்கம் வைத்தாலும்
யன்னலைப் பார்த்தே குந்தியிருந்தது.
கப்பல் பார்க்க விருப்பம் என்று
வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தண்டு தடிக்க ஃபானை ஒன்றில் போட்டேன்.
கரண்ட் நின்ற நாட்களில்
பழைய கலண்டர் மட்டையால் விசிறினேன்.
மாசி பிறந்து வானம் வெளித்ததும்
அரை மணித்தியாலம் வெளியே, பிறகு ஒன்று,
பிறகு மத்தியானம் வரை.
வேர் குலையாமல் கோப்பையைக் கத்தரித்து
வளவில் மதிலோரம் நட்டேன்.

மூன்றாம் இரவு மான் வந்தது.
காலையில் எண்ணினேன்,
ஏழு அடிக்கட்டை. பல்லுப் பட்ட இடத்தில்
இன்னும் ஈரம்.
மிச்சம் மூன்றைத் தகரத்தால் அடைத்தேன்.
அரை இலை பிய்ந்ததற்குத் தகரம் காணவில்லை.

கூட்டைக் கொண்டுவந்தேன்.
அடித்தட்டைக் கழற்றி
அதன்மேல் கவிழ்த்தேன்.

ரம்சியா ஒருநாள் மதிலுக்கு மேலால் சொன்னாள்:
கோட்டைப் பக்கம் கிளிக்கூட்டம் போனதாம்,
அதில் ஒன்று 'ஆர் அது?' என்று கேட்டதாம்.
அவளுக்குக் கதை கட்ட வரும்.
இருந்தாலும் இரண்டு முறை சொல்லச் சொன்னேன்.

பங்குனியில் செடி கூட்டின் கூரையை முட்டியது.
ஓர் இலை கம்பிகளுக்கிடையே
கையை வெளியே விட்டிருந்தது.
தூக்கினால் முறியும்.
அப்படியே விட்டால் வளையும்.

ரம்சியாவிடம் போய்க்
குறடு கேட்டேன்.
எதற்கென்று கேட்டாள்.
சொல்லாமல் வாங்கி வந்து
முதல் கம்பியை
வைத்து நெரித்தேன்.
நினைத்ததைவிட மெல்லியது.