கூடம் கோணல்

வூச் நகரின் பழைய பஞ்சாலையில்
மூன்றாம் மாடி எங்கள் சோதனைக்கூடம்.
நேர்கீழே ஒரு ரொட்டிக்கடை.

ஒரே சில்லு, ஒரே பலகை, ஒரே விசிறி.
யகோடா மாலையில் ஓட்டினால்
நொடிக்கு நூற்று நாற்பத்தொரு சட்டங்கள்.
மிரோன் விடியலில் ஓட்டினால்
நூற்று முப்பத்து நான்கு.

ஏழு.
அந்த ஏழுக்காக இருவரும்
பதினோரு நாள் முகம் பார்க்கவில்லை.

"அது உனக்குப் பிடித்த கம்பெனி,
குறைந்த எண் வந்தால் மறுபடி ஓட்டுகிறாய்" என்றான் அவன்.
"வெப்பப் பசையை நீ
வெண்ணெய் மாதிரி அப்புகிறாய்,
நினைவகத்தைத் தப்பான துளையில் செருகுகிறாய்" என்றாள் அவள்.
துளை சரிதான். நான் பார்த்தேன்.
பசையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

வெளியே கேட்கவே வேண்டாம்.
நாற்பத்தொன்றுக்கு ஒரு கட்சி,
முப்பத்து நான்குக்கு ஒரு கட்சி.
அந்தச் சில்லைக் கண்ணாலும் காணாதவர்கள்
எங்களை விலைபோனவர்கள் என்றார்கள்.
கடிதம் எழுதிய ஒருவர் மட்டும் கேட்டிருந்தார்:
மகளுக்கு வாங்க வேண்டும்,
எந்த எண்ணை நம்பட்டும்?

ஆடத் தெரியாதவள்தான்
கூடம் கோணல் என்பாளாம்.
கூடத்தை யார் அளந்து பார்த்தார்கள்?

பன்னிரண்டாம் இரவு நானே உட்கார்ந்தேன்.
சன்னலுக்கு வெளியே பிப்ரவரிப் பனி.
நூற்று நாற்பத்தொன்று.
நூற்று நாற்பத்தொன்று.
நூற்று நாற்பது.
மூன்றரை மணிக்குக் காலுறைக்கடியில்
தரை இளஞ்சூடாயிற்று.
கம்பு மாவின் வாசனை படியேறி வந்தது.
நூற்று முப்பத்தெட்டு.
நூற்று முப்பத்தாறு.
விசிறி மூச்சிரைத்தது.

இறங்கிப் போனேன்.
அடுப்பு எத்தனை மணிக்கு?
"மூன்று" என்றார் பெனடிக்ட், மாவுக் கையோடு.
"கொஞ்சம் முன்னே பின்னே."

ரொட்டியோடும் தாளோடும் இருவரையும் உட்காரவைத்தேன்.
மிரோன் வெகுநேரம் பார்த்தான்.
"அடுப்பு ஐந்தைத் தின்றது. மீதி இரண்டு?"
"பசை" என்றாள் யகோடா, மென்றபடியே.
மறுபடி தொடங்கியது. போகட்டும்,
இப்போது பேசுகிறார்கள்.

அதே பெட்டியில் வந்த இன்னொரு சில்லு,
அடுப்பு அணைந்த ஞாயிறன்று,
நூற்று முப்பத்தெட்டுக்கு மேல் ஏற மறுத்தது.
அதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

இதழில் இரண்டு எண்களையும் தந்து
கீழே பொடி எழுத்தில் சேர்த்தேன்:
"பின்னது, அடுப்பு எரிகையில்."
இடமில்லை என்று
ஆசிரியர் அந்த வரியை அடித்துவிட்டார்.

கடிதக்காரருக்கு மட்டும் தனியாக எழுதினேன்:
ஐயா, உங்கள் மகளின் அறையில்
சன்னல் எந்தப் பக்கம்?