இந்த வாரம் எங்கே கேட்கலாம்

எண்ணெய் ஆலையின் எடைச்சீட்டைத் திருப்பிப்போட்டு
அதன் முதுகில் எழுதுகிறேன்.
முன்பக்கம் செம்பனைக் குலை எத்தனை டன்.
பின்பக்கம் பீடோங்கில் இந்த வாரப் பாட்டு.
காலையில் மாமாக் கடைக் கண்ணாடியில் ஒட்டிவிடுவேன்,
தேத்தாரே ஆறுவதற்குள் படித்துவிடலாம்.

எழுதுபவன் பேஸ் கிட்டார்க்காரன்.
நான் வாசிப்பது யார் காதிலும் விழுவதில்லை.
நிறுத்தினால் மட்டும்
"என்னமோ குறையுதே" என்பார்கள்.
ஆகவே என் தீர்ப்பை நம்பலாம்.

திங்கள், ஒன்றுமில்லை.

செவ்வாய், மாரியம்மன் கோயில் வாசலில் உறுமி.
எட்டுப் பையன்கள், பள்ளிச் சப்பாத்துகூடக் கழற்றாமல்.
வேகமாக அடித்தால் கெட்டிக்காரன்
என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள்.
ஆனால் இடது ஓரம் பாருங்கள்,
யோகமலர் என்றொரு பெண் நிற்பாள்.
வளைந்த குச்சியால் அவள் தோலை உரசும்போது
மோட்டார்க் கடையின் தகரக் கூரை
முதுகை நிமிர்த்தி உட்காரும்.
எட்டரைக்குள் போய்விடுங்கள்.
ஒன்பதுக்குப் போலீஸ் வந்து
கைக்கடிகாரத்தைக் காட்டும்.

புதன், பாசார் மாலாம்.
கரும்புச்சாறு வண்டிக்கும் கைபேசி உறை விற்பவனுக்கும் நடுவில்
அஸ்மான் கீபோர்டு போட்டிருப்பார்.
மூன்று மலாய்ப் பாட்டுக்கு ஒரு தமிழ்ப் பாட்டு.
பொருள் தெரியாது அவருக்கு, சொல் தெரியும்.
'ழ' வரும் இடத்தில்
பெரிய சாக்கடையைத் தாண்டுகிறவர் போல
ஒரு கணம் நிற்பார், பிறகு தாவுவார்.
பெரும்பாலும் விழுவதில்லை.
நம்மில் பலர் அங்கே தாவுவதே இல்லை.
ஐந்து வெள்ளி போடுங்கள்.

வியாழன், மெல்லிசை இரவு ரத்து.
டிக்கெட் வாங்கியவர்கள் என்னைக் கேட்காதீர்கள்.
ஏற்பாட்டாளர் ஞானசீலன் ஜொகூரில் என்கிறார்கள், ஈப்போவில் என்கிறார்கள்.
என் நூற்றைம்பது வெள்ளியும்
அவனோடு ஊர் சுற்றுகிறது.

வெள்ளி, சூசையப்பர் கோயில் மண்டபம்.
ஒத்திகைதான், கதவு திறந்திருக்கும்.
லோரி ஓட்டும் அந்தோணிராஜின் கீழ்க்குரல் ஒன்று போதும்.
அதைவிட,
தப்பாகப் பாடிவிட்டோம் என்று ஒப்புக்கொண்டு
அதே வரியை மறுபடி பாடுவதைக் கேட்க
இந்த ஊரில் வேறு இடமில்லை.

சனிக்கிழமை இரண்டு.
ஏழு மணிக்கு டேவானில் எங்கள் குழு,
நகைக்கடைக்காரர் வீட்டுக் கல்யாண விருந்து.
அதே ஏழு மணிக்கு
மூன்றாம் டிவிஷன் திடலில் பிரேமகுமாரியின் புதுக்குழு.

பதினோரு வருடம் எங்களோடு பாடினாள்.
ஒரு ராத்திரி, வேனுக்குள் விளக்கைப் போட்டுப் பங்கு பிரித்தபோது
அவளுக்கு ஐம்பது வெள்ளி குறைத்தோம்.
பெட்டி தூக்காதவளுக்கு எதற்கு முழுப்பங்கு என்றான் டிரம்ஸ்.
நானும் தலையாட்டினேன்.
தாளத்துக்கு ஆட்டுகிற பழக்கம்,
எதற்கென்று பார்க்காமல் ஆடுகிறது தலை.
பணத்தை எண்ணினாள், மறுபடி எண்ணினாள்,
இறங்கிப் போய்விட்டாள்.

டேவானில் பிரியாணி உண்டு, குளிர்சாதனம் உண்டு.
பாட்டு, திடலில்.
பாய் கொண்டுபோங்கள், கொசு அதிகம்.
முதல் பாட்டில் அவளுக்குத் தொண்டை கட்டியதுபோல் இருக்கும்,
எழுந்துவிடாதீர்கள், மூன்றாவதில் திறக்கும்.
அந்தக் குழுவில் பேஸ் கிடையாது,
கீபோர்டின் இடது கையே சமாளிக்கிறதாம்.
கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்,
என்னமோ குறைகிறதா என்று.
குறையவில்லை என்றாலும்
சொல்லுங்கள்.

ஞாயிறு காலை,
மழை இல்லையென்றால்,
ஆ ஹெங் தன் ஒலிபெருக்கிகளைக் கடை முன்னால் வெயிலில் வைப்பான்.
மைக்கைத் தட்டுவான்.
சத்து, டுவா, மூணு.
இலவசம்.