ஆறாவது சைக்கிள்

பெற்றோல் இல்லாத அந்த ஆனியில்
ஆரையம்பதிச் சந்தியிலிருந்து
இருபத்தேழு பேராய்ப் புறப்பட்டோம்.
பெற்றோல் வந்தது.
பதினொரு பேர் மிச்சம்.

பதினொன்றில் ஆறாவதாக ஓடுபவளுக்கு
முன்னுக்கும் ஐந்து பேர்,
பின்னுக்கும் ஐந்து பேர்.
அது நான்.
காணிக் கந்தோர் எழுதுவினைஞர்.
கரியலில் சோற்றுப் பெட்டி, கூடையில் குடை,
நினைத்த நாளில் மட்டும் அடிக்கும் மணி.

முதலாவது மேகராசா.
மின்சார சபையில் ஏழரைக்குக் கையெழுத்து.
அவசரம் அவருக்குக் காலில் இல்லை, கழுத்தில்.

கடைசி ஹாறூன்.
காத்தான்குடியில் பேரீச்சை மரத்தடியில் வந்து சேருவார்,
தைத்த சட்டைகள் இரண்டு பக்கமும் பிதுங்க.
மூட்டையின் ஒரு கன்னத்தைக் காற்று அறையும்,
மறு கன்னத்தை பஸ்.

முன்னவர் கத்துவது பின்னவருக்குக் கேளாது.
வாய் வாயாய் என்னிடம் வரும்.
நான் திரும்பிக் கொடுப்பேன்.

"அந்த மாட்டு வண்டில ஆராவது இழுத்து விடுங்கடா!"
*ஹாறூன் காக்கா, கொஞ்சம் மிதிக்கட்டாம்.*

"அவனுக்கென்ன, பொண்டாட்டிக்கு நோக்காடா?"
*மேகராசா அண்ணன், மெதுவாப் போனா உதவியாம்.*

முதலில் மிருகங்களை எடுப்பேன்.
பிறகு தாய்மாரை.
பிறகு குரலை.
மிஞ்சியதைக் கொடுப்பேன்.
சில நாள் நாவற்குடா தாண்டுவதற்குள்
ஒன்றுமே மிஞ்சாது.
வெறுங்கையோடு திரும்பக் கூச்சமாயிருக்கும்,
நானே சேர்ப்பேன்:
*சுகமா எண்டு கேட்டவர்.*

ஒரு கிழமை, பத்திரிகைகள் மோசமாயிருந்த கிழமை,
முன்னிருந்து ஒரு சொல் வந்தது:
"உங்கட ஆக்கள்."
அதே காலை, நொச்சிமுனைக்கு முன்னே,
பின்னிருந்தும் அதே சொல்.
அதில் மிருகம் இல்லை.
தாய் இல்லை.
குரல்கூட உயரவில்லை.
வெட்ட இடமில்லாமல்
முழுதாய் இரண்டையும் வைத்துக்கொண்டேன்.

மாரியில் வாடை எதிரே அடிக்கும்,
முன்னவர் ஏச்சு தானாகப் பின்னுக்குப் பறக்கப் பார்க்கும்.
அப்போது நான் மணியை விடாமல் அடிப்பேன்.
கச்சானை மறந்து போனேன்.

கச்சான் பின்னாலிருந்து தள்ளும் காற்று.
கல்லடிப் பாலத்தின் நடுவில்
ஹாறூனின் கயிறு அறுந்தது.
சட்டைகள், பொத்தான் தைக்காத நாற்பது சட்டைகள்,
கைகளை விரித்துக்கொண்டு ஓடின.
நிற்கச் சொல்லிக் கத்தினார்.
இரண்டு மிருகம், ஒரு தாய், முழுக் குரல்.
பத்துத் தலைகளுக்கு மேலாக
நேரே மேகராசாவின் காதுக்குள்.

பிறேக்.
ரொனியின் முன்சில்லு
நஸ்லினின் மட்காட்டுக்குள்.
வாவி அமைதியாக இருந்தது,
அதற்கென்ன.

மேகராசா சைக்கிளை உருட்டிக்கொண்டு
வரிசை முழுக்க நடந்து வந்தார்.
என்னைக் கடந்தார்.
நான் மனதுக்குள் வசனங்களை அடுக்கினேன்,
ஒன்றும் பொருந்தவில்லை.

"ரெண்டு வருசமா
எவ்வளவு மரியாதையாக் கதைச்ச மனிசன்,
இண்டைக்கு உமக்கு என்ன நடந்தது?"

ஹாறூன் ஒரு சட்டையைப் பிடித்தபடி நிமிர்ந்தார்.
"நாளாந்தம் என்ட சுகம் கேட்டனுப்புற ஆள் நீங்க,
ஒரு நிமிசம் நிக்க ஏலாதா?"

இரண்டு பேரும் யோசித்தார்கள்.
பிறகு மெல்ல
என் பக்கம் திரும்பினார்கள்.

நான் குனிந்து செயினைப் பார்த்தேன்.
செயின் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது.

இப்போது ஹாறூன் இரண்டாவது.
மிருகங்களும் தாய்மாரும் நேரடியாகப் போய் வருகிறார்கள்,
சிரிப்பும் கேட்கிறது.
மணியைத் திருத்திவிட்டேன்,
அடிக்க வேலையில்லை.

கந்தோரில் உறுதிகளுக்கு எல்லை எழுதுகிறேன்:
வடக்கே இன்னார், தெற்கே இன்னார்.
மாலையில் கச்சான் எதிரே வருகிறது.
அந்த இரண்டு சொல்லும் இன்னும் என்னிடம்தான்.
பாலம் ஏறும்போது
வாயை மூடிக்கொண்டு மிதிக்கிறேன்.